பொட்டுவின் இறக்கை கூடிய நாட்கள்

மார்கழியில் ஒரு மாலை, இருட்டுவதற்குச் சற்று முன், பாலக்கோட்டில் எங்கள் வீட்டு மாடிப்படியின் அடியில் பொட்டு ஒண்டிக்கொண்டிருந்தாள். அந்த நேரத்தில் புறாக்கள் எல்லாம் கூண்டுக்குத் திரும்பிவிடும் என்பதால், தரையில் அவளைக் கண்டதுமே ஏதோ நேர்ந்துவிட்டது என்று தெரிந்தது. இடது இறக்கை உடலோடு ஒட்டாமல் தரையில் இழுபட்டது. முதுகில் இறகு பிய்ந்திருந்த இடத்தில், ஊசியால் குத்தியதைப் போன்ற இரண்டு சிறு புள்ளிகள் இருந்தன. ஓட்டின் மேல் சில நாட்களாகவே ஒரு பூனை நடமாடிக்கொண்டிருந்தது. அதன் வாயிலிருந்து விடுபட்டுப் பறந்தவள் தகரக் கூரையின் விளிம்பில் மோதியிருக்க வேண்டும்.

பொட்டு ஒரு வெள்ளை வீட்டுப் புறா. நெற்றியில் பழுப்பு நிறத்தில் ஒரு புள்ளி இருப்பதால் என் மகள் அந்தப் பெயரை வைத்தாள். நான்கு ஆண்டுகளாக எங்களிடம் இருக்கிறாள். அவள் பிழைத்ததில் எங்கள் பங்கு எவ்வளவு, அவளது உடலின் பங்கு எவ்வளவு என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எங்கள் கை செய்ததைவிட, நாங்கள் கையைக் கட்டிக்கொண்டு இருந்ததே அதிகம் உதவியது என்பது என் எண்ணம். ஆனால் முதல் இரவில் அது எனக்குத் தெரியவில்லை.

அவள் வாயைத் திறந்து மூச்சு வாங்குவதைக் கண்டு, தாகம் என்று நினைத்து, மகள் குழந்தையாக இருந்தபோது பால் புகட்டிய பாலாடையை எடுத்துவந்து, உப்பும் சர்க்கரையும் கரைத்த நீரை அலகுக்குள் ஊற்றினேன். ஊற்றிய மறுகணமே அவள் தலையை உதறி, கழுத்தை நீட்டித் திணறினாள். பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்கு நேர் பின்னால் திறந்திருக்கிறது. ஊற்றுகிற நீர் நுரையீரலுக்குள் போய்விட அதிக நேரம் ஆகாது. புறாவுக்கு நாம் ஊற்றவும் தேவையில்லை. கோழியைப் போல ஒரு வாய் மொண்டு தலையை அண்ணாந்து விழுங்காமல், அலகை நீரில் அமிழ்த்தி உறிஞ்சிக் குடிக்கும் பறவை அது. நீருள்ள கிண்ணத்தை எதிரில் வைத்து, அலகின் நுனி நனையும்படி காட்டினால் போதும், முடிகிறபோது தானே குடிக்கும். அன்று அவள் இருமித் தேறிக்கொண்டது எங்கள் நல்வினை. அந்த அரை நிமிடத்தை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது.

அதற்குப் பிறகு செய்தது சரியாக அமைந்தது. ஓர் அட்டைப் பெட்டியின் பக்கங்களில் துளையிட்டு, அடியில் நூல் பிரியாத பழைய பருத்தித் துணியை மடித்து விரித்து, அவளை உள்ளே வைத்து மூடினோம். (சாக்கு வேண்டாம், அதன் இழைகள் விரலில் சுற்றிக்கொள்ளும்.) புறாவின் உடல் வெப்பம் 41 பாகை செல்சியசுக்கும் மேல். அடிபட்ட அதிர்ச்சியில் அந்தச் சூட்டைக் காப்பதற்கே அதன் வலுவெல்லாம் செலவாகிவிடும். எங்கள் ஊரின் மார்கழிக் குளிரோ மனிதரையே போர்வைக்குள் சுருட்டிவிடுவது. வெந்நீர் நிரப்பிய பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வைத்தோம். சூடு மிகுந்தால் அவள் மறுபக்கம் நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். இரவில் இரண்டு முறை எழுந்து நீரை மாற்றினேன். இரை எதுவும் வைக்கவில்லை. உடல் குளிர்ந்திருக்கும் பறவைக்கு இரை கொடுத்தால் அது செரிக்காமல் தீனிப்பையிலேயே தங்கிப் புளித்துவிடும். ஆகவே முதலில் சூடு, பிறகு நீர், அதன் பிறகே இரை.

பக்கத்து வீட்டு அக்கா மஞ்சளை நல்லெண்ணெயில் குழைத்து எடுத்துவந்தார். "பூசும்மா, காலையில வீக்கம் வத்திடும்" என்றார். அவர் அன்போடு கொண்டுவந்ததை மறுப்பது எனக்குச் சங்கடமாக இருந்தது. ஆனால் எண்ணெய் பட்ட இறகுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டால் பறவையால் உடல் சூட்டைக் காக்க முடியாது. இரத்தம் கசிந்த இடத்தில் வெறும் மஞ்சள்தூளை மட்டும் லேசாக ஒற்றிக்கொண்டேன். எங்கள் பகுதியில் எலும்பு முறிந்தால் புத்தூர்க் கட்டுக்குப் போகும் வழக்கம் இருப்பதால், மூங்கில் சிம்பு வைத்து இறுக்கிக் கட்டிவிடலாம் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதற்கும் நான் இணங்கவில்லை. நமக்கு இருப்பதுபோல் பறவைக்கு உதரவிதானம் கிடையாது; மார்பெலும்பு முன்னும் பின்னும் அசைவதால்தான் அது மூச்சு விடுகிறது. மார்பைச் சுற்றி இறுக்கிக் கட்டினாலும், பயந்து கையால் அழுத்திப் பிடித்தாலும், காற்று இருந்தும் அது மூச்சு முட்டிச் சாகும்.

மறுநாள் காலையில் முதல் பேருந்தில் தருமபுரிக்குக் கொண்டுபோனோம். இறக்கையைவிட அந்த இரண்டு புள்ளிகளைப் பார்த்துத்தான் மருத்துவர் அதிகம் கவலைப்பட்டார். பூனையின் பல் ஆழமாக இறங்கி, மேல்தோல் உடனே மூடிக்கொள்வதால், எச்சிலில் உள்ள கிருமிகள் உள்ளேயே பெருகும். வெளியில் காயமே இல்லாததுபோல் தோன்றும் பறவை இரண்டொரு நாளில் இறந்துவிடுவது இதனால்தான். பூனை கவ்விய பறவை என்றால், ஒரு துளி இரத்தம் இல்லாவிட்டாலும், அன்றே கிருமிக்கொல்லி மருந்து தொடங்கியாக வேண்டும் என்றார். நாங்கள் ஓர் இரவைக் கடத்திவிட்டுத்தான் போயிருந்தோம்.

எக்ஸ்ரேயில் எங்களுக்கு ஓர் ஆறுதல் இருந்தது. நம் முன்கையில் இருப்பதைப்போலவே புறாவின் இறக்கையிலும் முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவில் இரண்டு எலும்புகள் உண்டு. பொட்டுவுக்குத் தடித்த எலும்பு மட்டும் முறிந்து, மெல்லியது முழுதாக இருந்தது. முறியாத எலும்பே முறிந்ததற்குச் சிம்பாக நின்று தாங்கிக்கொள்ளும் என்பதால் அறுவை தேவையில்லை என்று சொல்லி, தன்மேல் மட்டும் ஒட்டிக்கொள்ளும் ஒரு வகைக் கட்டுத்துணியால், மடித்த இறக்கையை எட்டு என்ற எண்ணின் வடிவில் சுற்றிவிட்டார். மார்பைச் சுற்றி ஒரு சுற்றுக்கூட வரவில்லை. மேற்கை எலும்பு முறிந்திருந்தாலோ, எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தாலோ கதை வேறாகியிருக்கும் என்றும் சொன்னார்.

வலிக்கு அவர் எழுதிய மெலாக்சிகாம் ஊரில் கிடைக்காமல் அலைந்தபோது, ஒரு மருந்துக் கடையில் டைக்ளோஃபெனாக் மாத்திரையைக் காட்டி, கால் பங்கு கரைத்துக் கொடுத்தால் போதும் என்றார்கள். இந்த நாட்டின் பிணந்தின்னிக் கழுகுகளைக் கிட்டத்தட்ட அழித்த மருந்து அது. அந்த மருந்து செலுத்தப்பட்டு இறந்த மாடுகளைத் தின்ற கழுகுகள் சிறுநீரகம் கெட்டு மடிந்ததைக் கண்டறிந்த பிறகு, 2006இல் கால்நடை மருத்துவத்தில் அதற்குத் தடை வந்தது. எல்லாப் பறவைக்கும் ஒரே அளவில் கேடு வரும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் 300 கிராம் எடையுள்ள உயிருக்கு, மனிதருக்கான மாத்திரையை நகத்தால் கிள்ளி அளவு பார்ப்பது எந்த மருந்தானாலும் தவறு. மறுபடியும் தருமபுரிக்குப் போய் மருத்துவர் எழுதியதையே வாங்கிவந்தோம்.

அடுத்த மூன்று வாரங்களும் பெரும்பாலும் கணக்கெழுதும் வேலையாகவே கழிந்தன. பறவை தன் நோயைக் காட்டிக்கொள்ளாது. காட்டில் தளர்ந்து தெரிவதைத்தானே பருந்து முதலில் தூக்கும்? பார்வைக்குத் தெளிவாக இருக்கிறாளே என்று நம்பாமல், தினமும் காலையில் இரை வைப்பதற்கு முன் சமையலறைத் தராசில் அவளை நிறுத்து, காலண்டர் தாளில் எழுதினோம். நல்ல நிலையில் அவள் 310 கிராம். ஐந்தாம் நாள் 271. அன்று எச்சம் கரும்பச்சையாக, நீர்த்து, திடமே இல்லாமல் இருந்தது. கிண்ணத்தில் இரை கிளறப்பட்டிருந்ததால் தின்கிறாள் என்று நினைத்திருந்தோம். அவள் கொத்திச் சிதறியிருந்தாளே தவிர விழுங்கவில்லை. அன்றிலிருந்து ஊறவைத்த பச்சைப் பட்டாணியை, மகள் அவளைத் துணியில் தளர்வாகச் சுற்றி மடியில் வைத்துக்கொள்ள, நான் அலகைப் பக்கவாட்டில் மெல்லத் திறந்து ஒவ்வொன்றாக நாக்குக்குப் பின்னால் வைத்தேன். ஒரு வேளைக்கு இருபதில் தொடங்கி நாற்பது வரை போனோம். தீனிப்பை காலையில் காலியாகிவிட்டதா என்று விரலால் தொட்டுப் பார்த்த பிறகே அடுத்த வேளை. ஒன்பதாம் நாள் அவளே கம்பைப் பொறுக்கித் தின்றாள். அதன்பின் கேழ்வரகும் சோளமும் சேர்த்தோம். எச்சத்தில் வெள்ளையும் பழுப்பும் தெளிவாகப் பிரிந்து தெரிந்த காலையில், மகள் அதைப் பார்க்கச் சொல்லி என்னைச் சமையலறையிலிருந்து இழுத்துக்கொண்டு போனாள்.

எஞ்சிய நேரமெல்லாம் பெட்டியைத் துணியால் பாதி மூடி, யாரும் போகாத அறையில் விட்டுவைத்தோம். மகளுக்கு அதுதான் எல்லாவற்றையும்விடக் கடினமாக இருந்தது. தடவிக்கொடுத்தால் ஆறுதல் என்று நாம் நினைக்கிறோம். பறவைக்கோ பின்பக்கமிருந்து வரும் கை எதுவானாலும் பிடிக்க வரும் கைதான். அவளது இணையின் குரல் மட்டும் கேட்கட்டும் என்று கூண்டை ஒட்டிய சன்னலைத் திறந்துவைத்தோம். அவர்கள் அப்போது அடைகாத்துக்கொண்டிருந்தார்கள். புறாக்களில் பகலில் பெரும்பாலும் ஆணும், மாலையிலிருந்து காலை வரை பெண்ணும் முட்டைமேல் அமரும். இரவு முறைக்கு ஆளில்லாமல் அந்த இரண்டு முட்டைகளும் குளிர்ந்துபோயின.

புறாவுக்கு வைத்தியம் பார்க்கிறோம் என்று செய்தி பரவி, மாந்தோப்பில் விழுந்து கிடந்த ஒரு பச்சைக்கிளியை ஒரு பையன் கொண்டுவந்தான். கிளியை வீட்டில் வைத்துக்கொள்ள 1972ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் இடம் தராது. வனத்துறைக்குச் சொல்லி, அவர்கள் வரும்வரை இருட்டான பெட்டியில் சூடாக வைத்திருந்து ஒப்படைத்தோம். மயிலுக்கும் இதுவேதான்.

இருபத்திரண்டாம் நாள் கட்டை அவிழ்த்தார்கள். எலும்பு கூடியிருந்தது, இறக்கையோ முழுதும் விரியவில்லை. தோளிலிருந்து மணிக்கட்டு வரை முன்விளிம்பில் ஓடும் தோல்மடிப்பு, கட்டுக்குள் கிடந்து சுருங்கியிருந்தது. கட்டு அதிக நாள் இருந்தால் எலும்பு கூடியும் பறவை பறக்காமல் போவது இதனால்தான். மருத்துவர் காட்டிக்கொடுத்தபடி, நாளுக்கு ஒருமுறை, இழுக்காமல், அது தருகிற அளவுக்கு மட்டும் இறக்கையை விரித்து மடித்தோம். பிறகு ஒரு செங்கல்லின் மேல் ஏறப் பழகினாள். இரண்டு நாள் கழித்து இரண்டு செங்கல். அதன்பின் மின்விசிறியை நிறுத்தி, கண்ணாடிச் சன்னலுக்குத் துணி போட்ட அறைக்குள் நடமாடவிட்டோம்.

நாற்பத்தோராம் நாள், மாசி பிறப்பதற்குள், அவள் அறையின் அலமாரி மேல் பறந்து ஏறினாள். தராசு 306 காட்டியது. இப்போது கூண்டில் தன் இணையோடு இருக்கிறாள். உட்காரும்போது இடது இறக்கை ஒரு விரற்கடை தாழ்ந்தே இருக்கிறது. ஓட்டின் மேல் வட்டமிடும் கூட்டத்தோடு முதல் சுற்று போய்விட்டு, இரண்டாம் சுற்றுக்குள் இறங்கிவிடுகிறாள். கூண்டின் வாயைக் கம்பிவலையால் அடைத்து, மாலை ஐந்தரைக்கே உள்ளே விட்டு மூடுவது இப்போது மகளின் வேலை. போன வாரம் இரண்டு முட்டைகள் வந்திருக்கின்றன. இரவு முறைக்குப் பொட்டு அமர்ந்துவிட்டாளா என்று பார்த்துவிட்டுத்தான் மகள் படுக்கப் போகிறாள்.