படியைப் பாதியாக்கு

எங்கட யாழ்ப்பாணப் பள்ளிக்கூடத்துக் கணக்கு மாஸ்டர் மோசம்போன செய்தி பழைய மாணவர் குரூப்பில வந்த அண்டைக்கு ஆளாளுக்குப் போட்டதெல்லாம் பிரம்புக் கதையும் அவற்ற ரலி சைக்கிள் கதையும்தான். அவற்ற நினைவு மலருக்கும் அதையேதான் எல்லாரும் எழுதுவினம் எண்டு தெரியும், அதால நான் வெள்ளிக்கிழமை கடைசிப் பாடத்தைப் பற்றி எழுதுறன். 92, 93 பற்ச் டபிள் மத்ஸ் (உயர்தரக் கணிதம்) பெடியளுக்கு விளங்கும்.

சண்டைக் காலம். கரண்ட் 90 இலயே நிண்டிட்டுது. பற்றரி தடை, அதால கல்குலேட்டர் வைச்சிருந்தவனும் சும்மாதான் வைச்சிருந்தவன். இரவில ஜாம் போத்தல் விளக்கு. அந்த நேரத்தில சிலபஸிலயே இல்லாத ஒண்டை மனுசன் எங்களுக்குப் படிப்பிச்சவர், கேட்டா "சோதினைக்கு வராது, வாழ்க்கைக்கு வரலாம், வராமலும் விடலாம்" எண்டுவார்.

கணக்கு இதுதான். எங்கட போர்டிங்கில 200 பெடியள். ஒருத்தனுக்கு அம்மாள் வருத்தம், அம்மை நோய். வருத்தக்காரன் ஒருத்தன் ஒரு நாளைக்குச் சராசரி அரை ஆளுக்குத் தொத்த வைப்பான், அதாவது சந்திக்கிற எல்லாரும் இன்னும் வருத்தம் வராத ஆக்களா இருந்தா 0.5. ஒவ்வொரு நாளும் வருத்தக்காரரில பத்தில ஒரு பங்கு சுகமாகிடும். இனி வராத ஆக்கள், வந்த ஆக்கள், சுகமான ஆக்கள் எண்டு மூண்டு நிரல் கீறி, இண்டைய எண்ணிக்கையில இருந்து நாளைய எண்ணிக்கை, அதில இருந்து நாளையிண்டைக்கு எண்டு போகவேணும். வகையீட்டுச் சமன்பாட்டைத் தீர்க்கத் தெரியாட்டியும் காரியமில்லை, ஒரு வாங்குக்கு ஒரு நாள் எண்டு பிரிச்சு விட்டா முன்வாங்கில தொடங்கின வருத்தம் பின்வாங்குக்குப் போய்த் திரும்பி வரும்.

மணி அடிக்க முதல் முடிக்கவேணும் எண்டு எங்கட கூட்டாளி ஒருத்தன் போர்டில நாளுக்கு நாள் போடாமல் கிழமைக்குக் கிழமை தாவினவன், அதாவது ஒரு நாளா இருக்கவேண்டிய படி ஏழு நாள். வராத ஆக்கள் முதல் கிழமை 199 போய் 195. பிறகு 182, 137, 19. அஞ்சாவது கிழமை வராத ஆக்கள் மைனஸ் 25.

மாஸ்டர் ஒண்டும் பேசேல்ல. சோக்கை வைச்சிட்டு, "தம்பி, இந்த மைனஸ் இருபத்தஞ்சு பெடியளும் எங்க படுக்கிறவை? பாயை விரிச்சோ, சுருட்டியோ?" எண்டு கேட்டார். வகுப்பு வெடிச்சுது. அவன் சிரிக்கேல்ல. அண்டையில இருந்து அவனுக்கு மைனஸ் எண்டுதான் பேர், அவன்ர கலியாண வீட்டிலயும் அதைச் சொல்லித்தான் கூப்பிட்டவங்கள், இண்டைக்கும் போனில என்ர லிஸ்டில அப்பிடித்தான் கிடக்கு. மாஸ்டருக்கு அப்பிடி ஒரு வாய், அதை மறைச்சுப் புகழ்ந்து எழுத எனக்கு விருப்பமில்லை.

ஆனா அதுக்குப் பிறகுதான் பாடமே. "படியைப் பாதியாக்கிப் போடு. விடை மாறுதோ? திரும்பவும் பாதியாக்கு. மாறாமல் நிக்கும்வரைக்கும் நம்பாத." நாளுக்கு நாள் போட்டா மைனஸ் வராது, உச்சத்தில 100 பேருக்குக் கிட்டப் படுத்துக் கிடப்பாங்கள், கடைசியில ஒரு பெடியன் அளவில வருத்தமே வராமல் தப்புவான். "ஆரடா அந்த ஒருத்தன்?" எண்டு கேப்பார், பதில் சொல்லமாட்டார். படி சின்னனானா கணக்குத்தான் சரி, அந்த 0.5 சரியோ பிழையோ எண்டு ஆஸ்பத்திரியில கேள் எண்டும் சொல்லுவார்.

விளக்கு வெளிச்சத்தில ஏலாது சேர் எண்டு ஒருத்தன் அழுததுக்கு ஒரு கதை சொன்னவர். இந்தச் சமன்பாட்டை 1927 இல எழுதின ரெண்டு பேரில ஒருத்தர் கேர்மாக், எடின்பரோவில லாப் விபத்தொண்டில 1924 இல ரெண்டு கண்ணும் போன மனுசன். மற்றவர் மக்கென்ட்ரிக், இந்தியாவில வைத்தியரா இருந்தவர். பம்பாய் பிளேக்கில 1905, 1906 இல கிழமைக்குக் கிழமை செத்த ஆக்களின்ர எண்ணிக்கையோட தங்கட கோட்டைப் பொருத்திப் பாத்தவை. "அந்தாளுக்குக் கண்ணே இல்லை, உமக்கு மண்ணெண்ணெய்தானே இல்லை?" எந்தப் புத்தகத்தில படிச்சாரோ, லைபிரரியும் எரிஞ்ச ஊரில.

2020 மாசி, பங்குனியில கொரோனா வரேக்க டிவியில எல்லாரும் அதே மூண்டு நிரலைக் கீறேக்க எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆச்சுது. லண்டன் இம்பீரியல் கொலிஜ்காரர் மார்ச் 16 இல விட்ட அறிக்கையில, ஒண்டுமே செய்யாமல் விட்டா பிரிட்டனில 510,000 பேர் சாகலாம் எண்டு இருந்தது. பிறகு அவ்வளவு சாகேல்லத்தானே, புளுகு எண்டு எங்கட ஆக்களே கதைச்சவை. "ஒண்டுமே செய்யாமல் விட்டா" எண்டதை ஒருத்தரும் வாசிக்கேல்ல. மாஸ்டர் எண்டா அந்த வரியைப் போர்டில எழுதிக் கோடு கீறியிருப்பார்.

இஞ்ச வெளிநாட்டில நான் பாக்கிற வேலை ஆத்து வெள்ளத்தைக் கம்ப்யூட்டரில ஓடவிடுறது. நிலத்தைச் சின்னச் சதுரமா வெட்டி, ஒவ்வொண்டிலயும் தண்ணி எவ்வளவு உயரம், எந்தப் பக்கம் பாயுது எண்டு செக்கனுக்குச் செக்கன் கணக்கு. நாங்கள் போடுற முறையில ஒரு படிக்குள்ள அலை ஒரு சதுரத்தைத் தாண்டக்கூடாது, தாண்டினா கணக்கு வெடிச்சுத் தண்ணிக்கு மைனஸ் ஆழம் வரும். கூராண்ட், ஃப்ரீட்ரிக்ஸ், லெவி எண்ட மூண்டு பேர் 1928 இலயே சொல்லிவைச்ச விதி. சதுரத்தின்ர பக்கத்தைப் பாதியாக்கினா சதுரம் 4 மடங்கு, நேரப்படியும் பாதி, ஆக வேலை 8 மடங்கு. பாதியாக்கிப் பாப்பம் எண்டு சொன்னாலே மேல இருக்கிறவை பட்ஜெட்டைத்தான் கதைப்பினம். சிலநேரம் பாக்காமலே ரிப்போர்ட் போகும். வடிவான கலரில போகும்.

எங்கட கூட்டாளி மைனஸ் ஊரை விட்டு வெளிக்கிடேல்ல. எங்களுக்குள்ள கணக்கில கெட்டிக்காரன் அவன்தான். இண்டைக்கு அதே பள்ளிக்கூடத்தில அதே பாடம் படிப்பிக்கிறான், கடைசி வருசங்களில மாஸ்டரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு திரிஞ்சதும் அவன்தான். பழைய மாணவர் சங்கம் கட்டிக் குடுத்த கம்ப்யூட்டர் அறையை மாஸ்டருக்குக் கொண்டுபோய்க் காட்டினானாம். மனுசன் ஒரு கம்ப்யூட்டருக்கு முன்னால இருந்து, ஒரு பெடியனிட்டக் கேட்டது, "இதில படி எவ்வளவு வைச்சிருக்கிறீர்?" பெடியனுக்கு விளங்கேல்ல.

போன ஆவணி நான் ஊருக்குப் போகேக்க மைனஸ் கேட்டவன், ஒரு வெள்ளிக்கிழமை வந்து உந்த வெள்ளக் கணக்கைப் பெடியளுக்கு ஒருக்காச் சொல்லிக் குடு மச்சான், காசு எல்லாரும் அனுப்புறியள், ஆள்தான் இல்லை எண்டு. ஓமெண்டனான். ரெண்டு கிழமை லீவு, நல்லூர்த் தேர், ஒரு கலியாணம், ஒரு சாமத்திய வீடு, கொழும்பில காணி அலுவல். வெள்ளிக்கிழமை ரெண்டு வந்தது, ரெண்டும் போட்டுது.