மாங்காய் ஸ்கேனர்: கண்ணுக்குக் கருப்பு, சென்சாருக்கு வெளுப்பு

மாங்காயை வெட்டாமல், ஒளியை வைத்தே அதன் முதிர்ச்சியைப் பார்க்கும் ஸ்கேனர் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவழியாக அதில் ஒளிக்கசிவு அடைபட்டது. ஏஎஸ்7265எக்ஸ் போர்டு (ஒளியை அலைநீளம் வாரியாக 18 சேனல்களில் அளக்கும் சென்சார்), இஎஸ்பி32 (அதை இயக்கும் குட்டி கம்ப்யூட்டர் போர்டு), பங்கனப்பள்ளி மாங்காய். வயரிங்கும் கோடும் வழக்கம்போலத்தான். உயிரை வாங்கியது பல்புக்கும் சென்சாருக்கும் நடுவிலிருக்கும் மறைப்பு.

பல்பின் ஒளி தோலுக்குள் புகுந்து, சதையில் சிதறி, 15 மி.மீ. தள்ளியிருக்கும் சென்சார் பக்கம் வெளிவர வேண்டும். மறைப்பு வழியே கொஞ்சம் நேராக வந்தாலும் போச்சு, எந்தக் காயை வைத்தாலும் ஒரே வளைவுதான். கருப்பு ஃபோம், கருப்பு சார்ட், கருப்பு பிஎல்ஏ (3டி பிரிண்டர் பிளாஸ்டிக்) கூடு எதுவும் தேறவில்லை. கருப்புச் சாயங்கள் பலவும் 800 நானோமீட்டர் அலைநீளத்துக்கு மேல், கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு (ஐஆர்) ஒளியை விட்டுவிடும். விழுங்குவது கார்பன் கலந்த கருப்பு. சோதிக்க டிவி ரிமோட் போதும், அதன் எல்இடி பெரும்பாலும் 940 நானோமீட்டர். அதன் மூக்கை சோதிக்கும் துண்டால் முழுக்க மூடி அமுக்குங்கள். சேனல் மாறினால் அந்தத் துண்டு குப்பைக்கு. ஒளியைத் திருப்பி அடிக்கிறதா என்று பார்க்க, இருட்டில் சிசிடிவி கேமரா முன் பிடிக்கலாம். வெளுத்துத் தெரிந்தால் வேண்டாம். கடைசியில் தேறியது சைக்கிள் டியூப்: மூன்று அடுக்கு, பஞ்சர் சொல்யூஷன். பழைய டியூபுக்குப் பஞ்சர் கடையில் காசுகூட வாங்க மாட்டார்கள்.

போர்டிலேயே இருக்கும் எல்இடிகள் இந்த வேலைக்கு ஆகாது. வெள்ளை 700 தாண்டினால் படுத்துவிடும், ஐஆர் 875-இல் இருக்கிறது. நடுவில் 730, 760, 810 மூன்றும் பட்டினி. பச்சையத்தை 680-இல் பிடித்து 730-ஓடு ஒப்பிடுவதுதானே வேலையே! அதனால் பைக் பார்க்கிங் லைட்டின் இழை பல்ப், 12 வோல்ட் 5 வாட். பேட்டரியில் நேராகக் கொடுத்தால் அளவு நகர்ந்துகொண்டே போகும், ரெகுலேட்டர் கட்டாயம். பல்பை அணைத்து ஒரு அளவு எடுத்துக் கழிக்க வேண்டும். வெள்ளை ஒப்பீட்டுக்கு லேத் பட்டறையில் கிடைக்கும் டெஃப்லான் துண்டு. காயின் இரண்டு கன்னத்திலும் அளக்கணும். வெயில் பட்ட பக்கம் வேறு மாதிரி வரும்.

பச்சையம் குறைவது இப்போது தெளிவாகத் தெரிகிறது. ஆனால் கார்பைட் வைத்த காய் இதை ஏமாற்றிவிடும்: தோல் மஞ்சள், சதை புளிப்பு. அதற்கு உலர்பொருள் (சதையில் நீர் போக மிஞ்சுவது) தெரிய வேண்டும், அதைக் கணிக்க 970-இல் நீர் ஒளியை விழுங்குவதால் வரும் பள்ளம் வேண்டும். இந்த போர்டு 940-ஓடு நின்றுவிடுகிறது. ஹமாமட்சு கம்பெனியின் சி14384எம்ஏ என்ற குட்டி ஸ்பெக்ட்ரோமீட்டர் 1050 வரை போகும், விலைதான் தலையைச் சுற்ற வைக்கிறது.

அதுவரை, இந்த போர்டில் இருக்கிற சேனல்களை வைத்தே உலர்பொருளைக் கணிக்க ஒரு மாடல் முயற்சி. ஒப்பிட உண்மையான அளவு வேண்டுமே, அதற்கு உலர்த்தல். அளந்த இடத்துக்கு நேர் கீழே தோல் சீவி, 10 மி.மீ. ஆழத் துண்டு, 65 டிகிரி, எடை இறங்குவது நிற்கும்வரை. நான்கு காய் உலர்த்தியில் இருக்கிறது.