நாலு ஆன்டெனா, மூணு நடை

2023-இல் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் டிவி அலைவரிசையில் காலியாகக் கிடக்கும் 8 மெகாஹெர்ட்ஸ் சேனல் ஒன்றில் சோதனை செய்ய அனுமதி கேட்டு அலைந்தேன். ஆய்வுக்காகத்தான். நாலு ஆன்டெனாவில் தகவலை அனுப்பும்போதே செயற்கை இரைச்சலையும் கலந்து விடுவோம், நம் ரிசீவர் இருக்கும் இடத்தில் மட்டும் அது பூஜ்யமாகிவிடும், ஒட்டுக்கேட்பவன் காதில் மட்டும் இரைச்சல்.

முதல் நடை வீண். ஆன்டெனா உயரம் எழுதிய தாள் இல்லை என்று கவுன்ட்டரில் இருந்தவர் ஃபைலைத் திறக்காமலே திருப்பித் தள்ளிவிட்டார், அந்தத் தாள் வேண்டுமென்று படிவத்தில் ஒரு வரி கூட இல்லை! சாட்ஸ்வொர்த்திலிருந்து மினிபஸ் டாக்சியில் நசுங்கிப் போய் வந்ததுதான் மிச்சம்.

இரண்டாவது நடையில் உள்ளேயிருந்து ஒரு பொறியாளரம்மா வந்து சோதனை அமைப்பின் படத்தைப் பார்த்தார். "சரி, இந்த இரைச்சல் யார் வீட்டு டிவிக்குப் போகும்?"

பதில் இல்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது, எனக்கும்.

டிவி பெட்டியையும் பூஜ்யத்தில் வைத்துவிடலாமே என்றுதான் பஸ்ஸில் கணக்குப் போட்டேன். நாலு ஆன்டெனா என்றால் கணக்கில் நாலு திசைதான். அதில் ஒன்று நம் ரிசீவருக்கு, ஒன்று டிவிக்கு, இரைச்சலுக்கு மிச்சம் இரண்டே திசை. அப்புறம் மூன்று ஆன்டெனா வைத்திருப்பவன் அதைக் கழித்துவிட்டுக் கேட்டுவிடுவான். அதைவிடப் பெரிய ஓட்டை, டிவி பெட்டி எதையும் ஒலிபரப்பாது, நம் ஆன்டெனாவிலிருந்து அதற்குப் போகும் ரேடியோ பாதையை (இதையும் சேனல் என்றுதான் சொல்வோம்) அளப்பது எப்படி? பேப்பர்களில் "தெரியும் என்று வைத்துக்கொள்வோம்" என்று ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், நானும் தாண்டியிருந்தேன்.

கடைசியில் வெளியே அனுப்பும் ஆசையை விட்டேன். கட்டடத்துக்குள், மிகக் குறைந்த திறனில், டிவிக்குப் பதில் நாங்களே வைத்த ஒரு ரிசீவர், அது தன் சேனலைச் சொல்லிக்கொடுக்கும். மூன்றாவது நடையில் அனுமதி கிடைத்தது.

ஒரு எச்சரிக்கை. இரண்டு ரேடியோ போர்டை இணைத்தால் இரண்டும் ஒரே தாளத்தில் ஓட 10 மெகாஹெர்ட்ஸ் பொதுக் கடிகார வயரை முதலில் மாட்டுங்கள். மாட்டினாலும் மின்வெட்டில் கரண்ட் போய்த் திரும்பியதும் இரண்டு போர்டின் அலைகளுக்கும் இடையிலான கட்டக் கோணம் (phase) வேறு எங்காவது பூட்டிக்கொள்ளும், பூஜ்யம் நகர்ந்து இரைச்சல் நம் ரிசீவர் மேலேயே கொட்டும். ஒரு மாலை முழுக்க புரோகிராமில் பிழை தேடினேன். பிழை சுவர் பிளக்கில் இருந்தது.