150 மி.மீ. எஃப்/8 ஆடி: தேய்ப்பு முடிந்து சோதனை வரை

நியூட்டன் வகைத் தொலைநோக்கிக்கு ஆடியைக் கையால் தேய்த்து எடுக்கும் வேலை. மெருகு முடிந்து இப்போது வடிவச் சோதனையில் நிற்கிறது. நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிய இலக்கு இதுதான்: விட்டம் 150 மி.மீ., குவியத் தூரம் 1200 மி.மீ. (விட்டத்தைப் போல் எட்டு மடங்கு, அதனால்தான் எஃப்/8), நடுக்குழி ஆழம் 1.17 மி.மீ. கடைசிவரை இந்த மூன்று எண்களையும் தொடக் கூடாது.

பாதி வழியில் "குழாய் ரொம்ப நீளமாச்சே, எஃப்/5 ஆக்கிடலாமே" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். எஃப்/8-இல் கோள வடிவத்துக்கும் ஆடிக்கு வேண்டிய பரவளையத்துக்கும் விளிம்பில் உள்ள வித்தியாசம் சுமார் 0.29 மைக்ரான்தான். நல்ல கோளமாக முடித்தாலே ஆடி ஓரளவு வேலை செய்யும். எஃப்/5-க்குப் போனால் அந்த வித்தியாசம் நான்கு மடங்குக்கு மேல் ஏறும். முதல் ஆடிக்கு அது தாங்காது. 1781-இல் வில்லியம் ஹெர்ஷல் யுரேனஸைக் கண்டது தானே மெருகிட்ட 6.2 அங்குல உலோக ஆடியில். அதன் குவியத் தூரம் ஏழு அடி. நீளத்துக்கு அவர் அஞ்சவில்லை.

ஆடிக்கு ஒரு கண்ணாடி வட்டு, அதே அளவில் அடித்தட்டாக இன்னொன்று. முதல் வேலை விளிம்பைச் சாணைக்கல்லும் தண்ணீரும் வைத்து 2 மி.மீ. சாய்வாகத் தேய்ப்பது. கூரான விளிம்பு சில்லு விடும், அந்தச் சில்லு முகத்தைக் கீறும். தேயத் தேயச் சாய்வும் கரையும் என்பதால் அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும்.

80-ஆம் எண் கார்போரண்டம் (தேய்க்கும் தூள், எண் கூடக் கூட மென்மையாகும்) அரை டீஸ்பூன், தண்ணீர் கொஞ்சம். ஆடி மேலே, தட்டு கீழே. ஆடியின் நடு தட்டின் ஓரத்தில் அழுந்தும்படி தள்ளினால் குழி விழும். ஆடியையும் திருப்பிக்கொண்டு, மேசையையும் சுற்றி வர வேண்டும். இல்லாவிட்டால் குழி ஒரு பக்கம் சாயும். கரகர சத்தம் அடங்கினால் தூள் செத்துவிட்டது, புதிது போடலாம். நேர்விளிம்பு அளவுகோலை ஆடியின் மேல் வைத்து, நடு இடைவெளியை ஃபீலர் கேஜால் (தடிமன் குறித்த மெல்லிய தகடுகள்) பார்க்கிறோம். 1.1 மி.மீ. வந்ததும் நிறுத்தலாம், மீதியை அடுத்த தூள்கள் எடுத்துக்கொள்ளும். ஆழம் கூடிவிட்டால் ஆடியைக் கீழே போட்டுத் தேய்த்தால் குறையும்.

அடுத்து 120, 220, 320, 500. இங்கேதான் பலர் இலக்கை நழுவ விடுகிறார்கள். ஒவ்வொரு தூளுக்கும் ஒரே வேலைதான்: முந்தைய தூள் விட்ட பள்ளங்களை அழிப்பது. பத்து மடங்கு லென்ஸில், விளக்கு சாய்வாக விழ, நடுவிலும் விளிம்பிலும் பார்க்க வேண்டும். ஒரே ஒரு பெரிய பள்ளம் தெரிந்தாலும் அடுத்த எண்ணுக்குப் போகக் கூடாது. 220 விட்ட பள்ளத்தை மெருகுத் தூளான செரியம் ஆக்ஸைடால் அழிக்க நினைத்தால் நாள்கணக்கில் மெருகிட்டாலும் போகாது. எண் மாறும்போது வாளி, துணி, மேசை விரிப்பு எல்லாமே புதிது. ஒரு 80 துகள் 500-இல் கலந்தால் நீளக் கீறல் விழும், மறுபடி 120-க்குத் திரும்ப வேண்டியதுதான்.

மெருகுக்குப் பிட்ச் (தார் போன்ற பிசின்) பூசிய தட்டு. நம்மூர் வெயிலுக்குக் கடினமான ரகம்தான் நல்லது. இளகிய பிட்ச் விளிம்பைச் சரித்துவிடும். சதுரக் கட்டங்கள் வெட்டும்போது காடிகள் சந்திக்கும் இடமோ ஒரு கட்டத்தின் நடுவோ தட்டின் மையத்தில் அமையக் கூடாது. அமைந்தால் ஆடியில் வளைய மேடுகள் வரும். செரியம் ஆக்ஸைடு பால் பதத்தில் இருக்கட்டும். நடு முதலில் பளிச்சென்று ஆகிவிடும், விளிம்பு கடைசியாக வரும். லேசர் புள்ளியை மேற்பரப்பில் அடித்தால், மெருகு போதாத இடத்தில் புள்ளி நன்றாகத் தெரியும். விளிம்பிலும் அது மங்கும்வரை வடிவத்தைத் திருத்தத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது ஃபூக்கோ சோதனை: விளக்கொளி ஆடியில் பட்டுத் திரும்பிக் குவியும் இடத்தில் பிளேடால் அதை வெட்டி, ஆடியின் முகத்தில் தெரியும் நிழலைப் பார்ப்பது. பிளேடு ஆடியிலிருந்து 2400 மி.மீ. தூரத்தில். கோளம் என்றால் முகம் முழுக்க ஒரே சாம்பல் நிறம். பரவளையம் என்றால் நடுவுக்கும் விளிம்புக்கும் பிளேடு நிலை 2.34 மி.மீ. வேறுபட வேண்டும் (விளக்கு அசையாமல் இருந்தால்). விரலைக் கண்ணாடியில் சில நொடி வைத்து எடுத்தால் அந்த இடம் மேடாக எழும்பி நிற்பது நிழலில் தெளிவாகத் தெரியும். கைச்சூட்டுக்கே இப்படி என்பதால், மெருகிட்ட உடனே அளக்கக் கூடாது. அரை மணி நேரமாவது ஆற வேண்டும்.

இப்போதைய நிலை சீரான கோளம், விளிம்பு சரியவில்லை. இனி வேண்டியது சில நிமிட நீள வீச்சு, ஆறவிட்டு அளவு, மறுபடி சில நிமிடம். ஒளி அலையில் கால் அலைநீளத்துக்குள் பிழை அடங்கியதும் நிறுத்தி, அலுமினியப் பூச்சுக்கு அனுப்ப வேண்டியது. அதற்கு மேலும் திருத்தப் போனால், கைக்கு வந்த வடிவம் கெடும் வாய்ப்புதான் அதிகம்.