ஆடிவேலும் நான்கு பற்றரிகளும்

கொழும்பில் முருகனுக்கு எடுக்கும் ஆடிவேல் தேர் ஊர்வலத்தைப் படம் பிடிக்க ஆயிரம் பேர் வருவார்கள். எனக்கு அதன் சத்தம்தான் வேண்டும். நாதஸ்வரம், தவில், சிதறு தேங்காய், நடுவில் பொறுமை இழந்த பஸ்களின் ஹோர்ன். இதற்காகவே யாழ்ப்பாணத்திலிருந்து இரவு பஸ் ஏறி, ஊர்வலத்துக்கு முதல் நாள் விடியலில் வெள்ளவத்தையில் இறங்கினேன். பையில் சின்ன ஒலிப்பதிவுக் கருவி ஒன்று. இரண்டு பென்டோர்ச் பற்றரியில் ஓடும். சார்ஜ் பண்ணக்கூடிய பற்றரிகள் நான்கு வைத்திருந்தேன். இரண்டு உள்ளே, இரண்டு கைகாவல்.

தங்கிய லொட்ஜில் கதவுக்குப் பக்கத்தில் கார்ட் செருகினால்தான் கரண்ட் வரும். இரவு நான்கையும் சார்ஜரில் போட்டுப் படுத்தேன். காலையில் பச்சை லைட். சரி, நிறைந்துவிட்டது என்று கார்டை உருவிக்கொண்டு இடியப்பம் சாப்பிடப் போனேன். திரும்பி வந்து கார்டைச் செருகிவிட்டுக் குளித்து வந்தால், சார்ஜரில் சிவப்பு லைட். பற்றரியைத் தொட்டால் தோசைக்கல் மாதிரிச் சுட்டது. அப்போது அதை நான் பெரிதாக நினைக்கவில்லை.

100ஆம் நம்பர் பஸ்ஸில் புறக்கோட்டைக்குப் போய், செட்டியார் தெருவுக்கு நடந்தேன். தேர் புறப்படும்போது தெரு முழுக்கக் கற்பூர வாசம். நகைக்கடை வாசல்களில் பூரணகும்பம். பதிவு நன்றாகவே போனது. நாற்பது நிமிடத்தில் கருவி அணைந்தது. கைகாவல் சோடியைப் போட்டேன். அது பத்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. தேர் நகர்கிறது, நான் ஊமைக் கருவியுடன் நிற்கிறேன்.

முதலாம் குறுக்குத் தெருவுக்கு ஓடினேன். இலத்திரனியல் சாமானுக்குக் கொழும்பில் அதுதான் இடம். ஒடுங்கிய கடையொன்றில் ஒரு நானா மீற்றரை வைத்து ஏதோ நோண்டிக்கொண்டிருந்தார். “நாலு பற்றரி தாங்க நானா, இதெல்லாம் செத்துப்போச்சு” என்றேன். அவர் புதிது எடுக்கவில்லை. “முதல்ல கொண்டாங்க பாப்பம்” என்று வாங்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன டோர்ச் பல்பைச் சேர்த்துப் பிடித்து அளந்தார். சும்மா அளந்தால் கெட்ட பற்றரியும் நல்ல பிள்ளை மாதிரி வோல்ற்றேஜ் காட்டுமாம். வேலை கொடுத்தால்தான் உண்மை வரும். இரண்டு 1.2 வோல்ற்றுக்கு மேலே நின்றன. மற்ற இரண்டும் பல்ப் பட்டதும் 0.7க்கு விழுந்தன.

“எல்லாம் ஒரே நாள் வாங்கினதா?”

இல்லை. இரண்டு 2020இல் வாங்கியவை, இரண்டு சென்ற வருடம். நிறம் ஒன்று என்பதால் கலந்துவிட்டிருந்தேன். ஒவ்வொரு சோடியிலும் ஒரு கிழவன், ஒரு இளந்தாரி.

“இது பற்றரிட பிழை இல்ல தம்பி, சோடிட பிழை.” இரண்டு பற்றரி வரிசையாக ஓடும்போது நோஞ்சான் முதலில் காலியாகிவிடும். அப்புறமும் பலமானது அதனூடாக மின்சாரத்தைத் தள்ளும். நோஞ்சானின் நேரும் மறையும் தலைகீழாகவும் கூடும். அப்படிச் சில தடவை நடந்தால் முடிந்தது கதை.

நல்ல இரண்டையும் சேர்த்துக் கருவியில் போட்டார். எரிந்தது! மெனுவுக்குள் போய்ப் பற்றரி வகையையும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் என்று மாற்றினார். சார்ஜ் பண்ணும் என் பற்றரிகள் அந்த வகை. சாதாரண அல்கலைன் 1.5 வோல்ற்றில் தொடங்கிப் படிப்படியாக இறங்கும். இது பெரும்பாலான நேரம் 1.2இல் நிற்கும். வகையைச் சொல்லாவிட்டால், பாதி மீதமிருக்கும்போதே கருவி கைவிரித்துவிடலாம்.

பிறகு சார்ஜர் பற்றிக் கேட்டார். லொட்ஜ் கதையைச் சொன்னதும் சிரித்துவிட்டார். என்னுடையது மணிக்கூடு பார்க்கும் சார்ஜர். பற்றரி நிறைந்ததா என்று அதற்குத் தெரியாது. எட்டு மணித்தியாலம் ஓடிவிட்டுப் பச்சை காட்டும். கரண்ட் போய் வந்தால் பூச்சியத்திலிருந்து மறுபடி எண்ணத் தொடங்கும். நிறைந்த பற்றரிக்குள் மேலும் தள்ளும் மின்சாரம் சூடாகத்தான் வெளியேறும்.

எனக்கு 2022 நினைவுக்கு வந்தது. அந்த மார்ச் கடைசியில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. கரண்ட் வரும்போதெல்லாம் நிறையட்டும் என்று சார்ஜரைக் கழற்றாமலே விட்டிருந்தேன். 2020 சோடி எங்கே, எப்படி வெந்தது என்று முதலாம் குறுக்குத் தெருவில் நின்றுதான் விளங்கியது.

பற்றரி வாங்கப்போன நான் சார்ஜர் வாங்கினேன். ஒவ்வொரு பற்றரியையும் தனித்தனியாகப் பார்க்கும் வகை. நிறைந்ததும் வோல்ற்றேஜ் மிகச் சிறிதாக, ஐந்து மில்லிவோல்ற் அளவில், கீழே சரியும். அதைக் கண்டுதான் நிறுத்தும். மெதுவாக ஏற்றினால் நல்லது என்று 200 மில்லி அம்பியரில் போடப் போனேன், தடுத்தார். மிக மெதுவாக ஏற்றினால் அந்தச் சரிவு தெளிவாகத் தெரியாதாம். என் பற்றரியின் கொள்ளளவு 2000 மில்லி அம்பியர் மணி, அதற்கு 700 மில்லி அம்பியர் போதும், மூன்றரை மணித்தியாலத்துக்குள் முடிந்துவிடும்.

“போனையும் முழுசாக் காலியாக்கித்தான் போடோணுமா?” என்றேன், அப்பா சொல்லிவந்ததை வைத்து. அது பழைய நிக்கல் காட்மியம் காலத்துப் பேச்சு என்றார். போனில் இருப்பது லித்தியம், அதற்கு அடிவரை காலியாவதே ஆகாது. நிறையச் சார்ஜுடன் வெயிலில் கிடப்பது இன்னும் மோசம். இதே கடைத்தெருவில் டோர்ச்சுக்கு 9900 என்று அச்சடித்த லித்தியம் பற்றரிகள் தொங்குவதைப் பார்த்திருக்கிறேன். அந்தப் பருமனுள்ள நல்ல பற்றரியே ஏறக்குறைய 3500தான் தாங்கும் என்றால், மீதி அச்சுக்கூடத்தில் ஏற்றியதாக இருக்கும்.

போவதற்குள் நல்ல சோடியில் மார்க்கரால் ‘அ’ என்று எழுதித் தந்தார். செத்த இரண்டையும் குப்பையில் போடாமல் தன் பெட்டிக்குள் போட்டுக்கொண்டார்.

தேர் மெதுவாகத்தான் போகும் என்ற நம்பிக்கையில் மறுபடி பஸ் ஏறினேன். காலி முகத்திடலைத் தாண்டிக் கொள்ளுப்பிட்டியில் பிடித்துவிட்டேன். கடல் காற்று ஒலிவாங்கியில் மோதி இரைந்தாலும், பம்பலப்பிட்டிக் கோயில் மணி வரை தடங்கலில்லாமல் பதிவானது. தவிலுக்குள் ஒரு நடத்துநர் புறக்கோட்டைக்கு ஆள் ஏற்ற “பெட்டா பெட்டா” என்று கத்துவதும் விழுந்திருக்கிறது. அதை வெட்டப் போவதில்லை.

இரவு லொட்ஜுக்கு வந்து புதிய சார்ஜரில் ‘அ’ சோடியைப் போட்டேன். காலையில் இடியப்பத்துக்குக் கிளம்பும்போது, கார்டை உருவுவதற்கு முன் பற்றரிகளைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். இளஞ்சூடுகூட இல்லை.