பச்சைப் பட்டினி இருக்கும் சமயபுரத்தாள்

தை கடைசியில் எங்கள் வீட்டுக்கு அம்மா வந்தாள். முதலில் என் சின்னவனுக்கு. கொப்புளம் வெளியே தெரிவதற்கு ஓரிரு நாள் முன்பிருந்தே அம்மை அடுத்தவருக்குத் தொற்றுமாம். நாங்கள் வாசலில் வேப்பிலை செருகியபோது அது ஏற்கெனவே வீட்டுக்குள் பரவியிருக்க வேண்டும். தொற்றினால் வெளிப்பட 10 முதல் 21 நாள் ஆகும். சின்னவனுக்குத் தண்ணீர் ஊற்றி, அப்பாடா என்று உட்கார்வதற்குள் பெரியவளுக்கும் கொழுந்தனாருக்கும் முத்து போட்டுவிட்டது.

பெரியவர்களுக்கு வந்தால் பாடு அதிகம். கொழுந்தனாருக்குத் தொண்டைக்குள்ளும் கொப்புளம், விடாத காய்ச்சல். டாக்டரிடம் போகலாமா என்று நான் தயங்கி நிற்க, "போயிட்டு வாங்கம்மா, ஆத்தா கோச்சுக்க மாட்டா" என்றார் அத்தை. வேப்பங்கொழுந்து உருண்டையையும் ஐந்து வேளை மாத்திரையையும் வேளை தவறாமல் கொடுத்தது அவர்தான். சிறுவயதிலேயே அவருக்கு வந்து போனதால் பயமில்லாமல் பக்கத்தில் உட்கார்ந்து, வேப்பிலைக் கொத்தால் அரிப்புக்குத் தடவிக்கொடுப்பார்.

அடுப்படியில் தாளிப்பு நின்றது. கஞ்சி, மோர், இளநீர், பானகம். நன்றாக இருந்த எங்களுக்கும் அதேதான். எனக்கு உள்ளுக்குள் எரிச்சல்தான்.

எல்லோருக்கும் பொருக்கு உதிர்ந்து, மூன்றாம் தண்ணீரும் ஊற்றிய பிறகே சமயபுரம் கிளம்பினோம். அந்தக் கூட்டத்தில் கைக்குழந்தைகளும் மாசமாக இருக்கும் பெண்களும் வருவார்கள். வேண்டுதல் என்று யாரும் அவசரப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள்.

திருச்சி சத்திரம் பேருந்து நிலையத்தில் பஸ் பிடித்து இறங்கினால் பங்குனி வெயில் மண்டையைப் பிளக்கிறது. மாசி கடைசி ஞாயிறு பூச்சொரிதல் தொடங்கி 28 நாள் அம்மனே பக்தர்களுக்காகப் பச்சைப் பட்டினி இருக்கும் காலம். வழக்கமான தளிகை கிடையாது. துள்ளுமாவு, நீர்மோர், பானகம், இளநீர்தான் நைவேத்தியம். வீட்டில் நான் முணுமுணுத்துக்கொண்டே குடித்த மோரை இங்கே அவள் எங்களுக்காகக் குடித்துக்கொண்டிருக்கிறாள். வரிசையில் நின்றபடி அதை நினைத்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது.

மூலவர் மூலிகைகள் சேர்த்துச் செய்த சுதைத் திருமேனி. அதனால் அபிஷேகம் உற்சவருக்கு மட்டும்தான். அத்தை இதைச் சொன்னதும், அத்தனை நாள் குளிக்காமல் கிடந்த பெரியவள், "அப்ப அம்மனும் குளிக்க மாட்டாளா அப்பாயி?" என்று கேட்க, முன்னால் நின்றவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். சந்நிதியில் நின்றது சில விநாடிதான். சிவந்த அந்த முகத்தைப் பார்த்ததும் கேட்க வந்த எதுவும் ஞாபகம் வரவில்லை.

உப்பும் மிளகும் போட்டுவிட்டு வெளியே வந்தோம். சித்திரை முதல் செவ்வாய்த் தேருக்கு நடந்தே வருவதாக வேண்டியிருக்கிறேன் என்றார் கொழுந்தனார், படியேறியதற்கே மூச்சு வாங்கிக்கொண்டு.

"முதல்ல உடம்பத் தேத்துடா. ஆத்தா எங்க ஓடிடப் போறா? அடுத்த வருசம் நடந்துக்கலாம்" என்றார் அத்தை.