வராமல் நின்ற ரூ.1,500: வெல்டர் தொழிற்பழகுநர் பயிற்சியில் நான் பட்டவை

ஐ.டி.ஐ. முடித்த பெண்கள் அப்ரண்டிஸ் எனப்படும் தொழிற்பழகுநராகச் சேர்ந்தால் மாதாமாதம் உதவித்தொகை கிடைக்கும் என்று சேர்க்கை முகாம்களில் ஒலிபெருக்கி வைத்துச் சொல்கிறார்கள். அது உண்மைதான், எனக்கும் கிடைத்தது. ஆனால் அந்தத் தொகை எந்தெந்த இடத்தில் தடைபட்டு நிற்கும், நின்றால் யாரிடம் போய்க் கேட்க வேண்டும் என்பதை ஒருவரும் சொல்வதில்லை. துவாக்குடிப் பக்கத்துப் பட்டறை ஒன்றில் வெல்டர் பயிற்சியில் இருந்த காலத்தில், ஒவ்வோர் அலுவலகமாக ஏறி இறங்கித்தான் நான் அதைத் தெரிந்துகொண்டேன். எனக்குப் பின்னால் வரும் பெண்கள் அதே படிகளை வீணாக ஏற வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

பூதலூர் பக்கத்துக் கிராமம் எங்களுடையது. அரசு ஐ.டி.ஐ.யில் படித்த ஓராண்டு எந்தச் சிக்கலும் இல்லாமல் போனது. கட்டணம் கிடையாது, மாதம் ரூ.750 உதவித்தொகை உண்டு. ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்திருந்ததால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ரூ.1,000 சேர்ந்து வந்தது. அந்தத் திட்டம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையாரின் பெயரில் நடப்பது. மயிலாடுதுறைக்கு அருகிலுள்ள மூவலூரில் வளர்ந்து, பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டி விடும் வழக்கத்தை எதிர்த்துப் போராடியவர் அவர். முன்பு அவர் பெயரில் திருமண உதவியாகக் கொடுத்து வந்ததை 2022இல் படிப்புக்கான உதவியாக மாற்றினார்கள். அந்த மாற்றம் எத்தனை சரியானது என்பதை என் வீட்டிலேயே பார்த்தேன். அந்த ஆயிரம் ரூபாய் இல்லாவிட்டால் படிப்பை நடுவில் நிறுத்தியிருப்பார்கள். ஆனால் புதுமைப்பெண் தொகை படிப்போடு முடிந்துவிடும். பயிற்சிக் காலத்துக்குத் தொடராது. படிப்பு முடிந்து, பட்டறையில் முதல் தொகை கைக்கு வரும் வரை உள்ள இடைவெளிக்கு வீட்டில் முன்கூட்டியே ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் அந்த ஏற்பாட்டுக்கு வழியில்லை. 2024இல் மேட்டூர் அணையை வழக்கமான ஜூன் 12ஆம் தேதி திறக்கவில்லை. ஜூலை 28ஆம் தேதிதான் திறந்தார்கள். அம்மாவுக்குக் குறுவை நடவுக் கூலி அந்த ஆண்டு ஏறக்குறைய இல்லாமலே போய்விட்டது. நான் பயிற்சிக்கு இடம் தேடி அலைந்தது அந்த நிலைமையில்தான்.

முகாமில் மேசை போட்டிருந்த நிறுவனங்களின் பட்டியலில் வெல்டர், பிட்டர், எலக்ட்ரீஷியன் என்று போட்டிருந்தது. ஆண்கள் மட்டும் என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. ஆனால் சான்றிதழை நீட்டியதும், "வெல்டிங்குக்குப் பொண்ணுங்கள எடுக்கிறதில்லம்மா, டைப்பிங் தெரியுமா?" என்று கேட்டார்கள். அடுத்த மேசையிலும் அதே பேச்சு. ஒருவர் மட்டும், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை இல்லை என்று உண்மையான காரணத்தைச் சொன்னார். இப்படிக் கேட்டு மனம் சோர்ந்து திரும்பிவிடாதீர்கள். 30 பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனம், தன் ஆள்கணக்கில் 2.5 முதல் 15 சதவீதம் வரை தொழிற்பழகுநர்களை எடுத்தே ஆக வேண்டும் என்பது விதி. நாம் அவர்களிடம் உதவி கேட்டுப் போகவில்லை. அவர்களுக்கும் நாம் தேவை. இதை மனத்தில் வைத்துக்கொண்டு பேசினால் குரல் தானாகவே நிமிர்கிறது. எனக்கு இடம் கொடுத்த பட்டறையிலும் முதலில் தயங்கினார்கள். ஒரு தகட்டில் பீடு, அதாவது பற்றவைப்புக் கோடு, ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். ஓட்டிக் காட்டிய பிறகு யாரும் தட்டச்சு பற்றிக் கேட்கவில்லை.

அடுத்தது இணையதளப் பதிவு. தொழிற்பழகுநர் இணையதளத்தில் ஆதாரை வைத்துத்தான் பதிவு செய்ய வேண்டும், அதற்கான ஓ.டி.பி. ஆதாரோடு இணைந்த கைப்பேசி எண்ணுக்கு வரும். என் ஆதாரில் இருந்தது அப்பாவின் பழைய எண். அது ரத்தாகி நெடுநாளாகிவிட்டது. போதாததற்கு, ஆதாரில் என் பெயருக்குப் பின் அப்பாவின் முழுப்பெயர் இருந்தது. பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியலிலும் ஐ.டி.ஐ. சான்றிதழிலும் தலைப்பெழுத்து மட்டுமே இருந்தது. நம் ஊர்ப் பிள்ளைகளில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். கைப்பேசி எண்ணை மாற்றச் சான்று எதுவும் தேவையில்லை. ஆதார் மையத்துக்கு நேரில் போய் விரல் வைத்தால் போதும், அப்போது ரூ.50 வாங்கினார்கள். பெயரை மாற்றத்தான் சான்று வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில், ஐ.டி.ஐ.யில் படிக்கும்போதே முடித்துவிடுங்கள். பட்டறையில் சேர்ந்த பிறகு இதற்காக விடுப்பு கேட்டு நிற்பது பெரிய தொல்லை.

இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை. பட்டறையில் சேர்ந்ததும், ஒப்பந்தத்தைப் பிறகு பதிவு செய்துகொள்ளலாம், இப்போது வேலையைப் பழகு என்றார்கள். பற்றவைத்த துண்டுகளில் சிப்பிங் சுத்தியால் ஸ்லாக் எனும் கசடைத் தட்டி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, கிரைண்டர் பிடித்துக் கொடுப்பது என் வேலை. எத்தனை துண்டு முடித்தேனோ அதற்கேற்பக் கூலி தந்தார்கள். தொழிற்பழகுநர் சட்டம் 1961, பயிற்சியில் இருப்பவருக்குத் துண்டுக் கணக்கில் பணம் தரக் கூடாது என்கிறது. ஒப்பந்த விவரத்தை ஏழு நாளுக்குள் இணையதளத்தில் நிறுவனம் ஏற்ற வேண்டும் என்றும் சொல்கிறது. ஒப்பந்தம் பதிவாகாத வரை அரசின் ஏட்டில் நாம் தொழிற்பழகுநரே அல்ல. உதவித்தொகை, சான்றிதழ் எதற்கும் அந்த நாள்கள் கணக்கில் வராது. நான் ஸ்லாக் தட்டிய அந்த நாள்கள் அப்படியே போயின. ஆகவே முதல் நாள் கேட்க வேண்டியது சீருடையும் அல்ல, சாப்பாட்டு நேரமும் அல்ல. ஒப்பந்தப் பதிவு எண். அந்த எண் கைக்கு வரும்வரை தினமும் கேளுங்கள்.

முறையிடப் போன இடத்தில் இன்னோர் அலைச்சல். எங்கள் ஊர் தஞ்சாவூர் மாவட்டம் என்பதால் தஞ்சாவூரில் உள்ள அலுவலகத்துக்குப் போனேன். முன்பகல் முழுக்கக் காத்திருக்க வைத்துவிட்டு, உணவு இடைவேளைக்குச் சற்று முன்பு என் தாளை வாங்கிப் பார்த்த எழுத்தர், "கம்பெனி திருச்சி மாவட்டத்துல இருக்கு, இங்க ஏம்மா வந்த?" என்று அதைத் திருப்பித் தள்ளினார். காலையில் வாசலிலேயே இதை ஒரு வரியில் சொல்லியிருக்கலாம். ஒரு நாள் கூலியும் பேருந்துக் காசும் மிஞ்சியிருக்கும். நாம் எந்த மாவட்டத்தில் குடியிருக்கிறோம் என்பது இதில் பொருட்டே இல்லை. நிறுவனம் எந்த மாவட்டத்தில் இருக்கிறதோ அந்த மாவட்டத்தின் திறன் பயிற்சி அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். செங்கிப்பட்டி, பூதலூர், திருக்காட்டுப்பள்ளி பகுதிகளிலிருந்து துவாக்குடிக்கும் திருவெறும்பூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் இதை நன்றாக நினைவில் வையுங்கள். திருச்சி அலுவலகத்திலிருந்து தொலைபேசியில் கேட்டதுமே பட்டறைக்காரர்கள் ஒப்பந்தத்தைப் பதிவு செய்தார்கள். பிறகு அவர்கள் என்னிடம் முகம் சுளிக்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

ஒப்பந்தத்தில் என் உதவித்தொகை மாதம் ரூ.7,000 என்று இருந்தது. ஐ.டி.ஐ. முடித்தவருக்கு அப்போது நிர்ணயித்திருந்த குறைந்தபட்சத் தொகை அது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒன்றே. முதல் மாதம் கணக்கில் ஏறியது ரூ.5,500. பிடித்தம் என்று நினைத்துப் பட்டறை அலுவலகத்தில் கேட்டபோது, மீதி அரசாங்கம் போடும் என்றார்கள். அது சரிதான். தேசியத் தொழிற்பழகுநர் ஊக்குவிப்புத் திட்டத்தில் உதவித்தொகையின் 25 சதவீதத்தை ஒன்றிய அரசு ஏற்கிறது. ஆனால் உச்சவரம்பு ரூ.1,500. ரூ.7,000இல் கால் பங்கு ரூ.1,750 ஆனாலும் அரசு தருவது ரூ.1,500தான், மீதி ரூ.5,500 நிறுவனத்தின் பொறுப்பு. முன்பு இந்தப் பங்கை நிறுவனத்துக்குத் திருப்பித் தந்தார்கள். 2023 முதல் நேரடியாகப் பயிற்சியாளரின் கணக்குக்கே அனுப்புகிறார்கள். முறை நல்ல முறை. என் ரூ.1,500 மட்டும் வரவில்லை.

அடுத்த மாதமும் வரவில்லை. வங்கியில் கேட்டால், "ஆதார் லிங்க் ஆயிருக்கும்மா, கம்பெனியில கேளுங்க" என்பார்கள். பட்டறையில் கேட்டால், வருகை விவரத்தை ஏற்றிவிட்டோம், வங்கியில் கேள் என்பார்கள். அப்பா அதற்குள் பக்கத்து வீட்டில் கைமாற்று வாங்கியிருந்தார். மாதம் ரூ.1,500 என்பது அலுவலக மேசையில் இருப்பவருக்குச் சிறு தொகையாக இருக்கலாம். எனக்கு அது பூதலூரிலிருந்து திருவெறும்பூருக்கு ரயில் சீசன் டிக்கெட்டும், மதியச் சாப்பாடும், வீட்டுக்கு அரிசியும். திருவெறும்பூரிலிருந்து துவாக்குடிக்குச் சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை என்பதால் அந்த அளவு தப்பித்தேன். தஞ்சாவூர்–திருச்சி புறநகர்ப் பேருந்தில் போனால் முழுக் கட்டணமும் கொடுக்க வேண்டும்.

முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தவர் திருச்சி அலுவலகத்தில் இருந்த ஓர் அக்கா. "ஆதார் லிங்க்னு சொல்றது வேற, என்.பி.சி.ஐ. மேப்பிங் வேற" என்று சொல்லி, என் கைப்பேசியிலேயே ஆதார் இணையதளத்தைத் திறந்து, வங்கி இணைப்பு நிலை என்ற பகுதியைப் பார்க்க வைத்தார். கணக்கு தொடங்கும்போது அடையாளத்துக்காக ஆதார் எண்ணைப் பதிந்துகொள்வது ஒன்று. அரசுத் தொகை வந்து சேர வேண்டிய கணக்கு இதுதான் என்று, வங்கிகளுக்கிடையே பணம் அனுப்பும் அமைப்பான என்.பி.சி.ஐ.யில் ஆதாரோடு குறிக்கப்படுவது இன்னொன்று. ஒருவருக்கு எத்தனை கணக்கு இருந்தாலும் இப்படிக் குறிக்கப்படுவது ஒன்றே ஒன்றுதான். கடைசியாக எந்த வங்கியில் அதற்கு ஒப்புதல் கொடுத்தோமோ அந்த வங்கிதான். திரையில் வந்தது நான் ஒப்பந்தத்தில் கொடுத்த வங்கியின் பெயர் அல்ல. ஐ.டி.ஐ. முடித்த கையோடு எங்கள் ஊரில் ஒரு கணக்கு தொடங்கும் முகாம் நடந்தது. வீட்டுக்கு வந்து விரல் வைக்கச் சொல்லிக் கணக்கு தொடங்கிக் கொடுத்தவர், அந்த ஒப்புதலையும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் சேர்த்துப் போட்டிருக்கிறார். அந்தக் கணக்குக்குக் கொடுத்திருந்தது அப்பாவின் எண் என்பதால் எனக்குக் குறுஞ்செய்தியும் வரவில்லை.

மறுநாளே அந்தக் கணக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்ப் பதிவு போட்டேன். ஊசி அச்சு இயந்திரம் புத்தகத்தை இழுத்துக் கரகரவென்று அடித்து வெளியே தள்ளியது. ஒன்றன்கீழ் ஒன்றாக 1,500, 1,500 என்று வரிகள் இருந்தன. இடையில் ஒரு மாதம் மட்டும் இல்லை. அந்த மாதம் பட்டறையில் வருகை விவரத்தை ஏற்றவில்லை என்று பிறகு தெரிந்தது. அதையும் ஏற்ற வைத்து வாங்கிவிட்டேன். அந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தபோது எனக்கு இருந்த பெருமை, பயிற்சி முடிந்து முழுச் சம்பளம் வாங்கும்போதும் வருமா என்று தெரியவில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு மாதத்தின் தொகையை அடுத்த மாதம் 10ஆம் தேதிக்குள் தர வேண்டும் என்பது விதி. 11ஆம் தேதி கேட்பதில் தவறில்லை. தொழிற்பழகுநர் ஆலோசகரின் (பயிற்சியைக் கண்காணிக்கும் அரசு அதிகாரி) முன் அனுமதி இல்லாமல் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை பயிற்சியில் இருக்கச் சொல்ல முடியாது; "அவசர ஆர்டர்" என்று என்னைக் கேட்டபோது இதைச் சொன்னேன், விட்டுவிட்டார்கள். தோல் கையுறையை மட்டும் நம் கை அளவுக்குக் கேட்டு வாங்குங்கள். ஆண்களுக்கான பெரிய கையுறையில் விரல்நுனி மடங்கி, வெல்டிங் ராடைப் பிடிக்கும் ஹோல்டர் நழுவும். ராடு தகட்டில் ஒட்டிக்கொள்ளும். பிறகு உனக்குக் கை நிற்கவில்லை என்பார்கள். சின்ன அளவுக் கையுறை வந்த பிறகு, சுட வைத்து எடுத்த 7018 வகை ராடில் நான் ஓட்டிய பீடைப் பார்த்து மூத்த வெல்டர் அண்ணன், இனி கிரைண்டிங்குக்கு வேறு ஆள் பார்க்கச் சொல்லிவிட்டார்.

பயிற்சி முடிந்ததும் அகில இந்தியத் தொழிற்தேர்வு எழுதினால்தான் தேசியத் தொழிற்பழகுநர் சான்றிதழ் கிடைக்கும். நுழைவுச்சீட்டு வந்தவுடன் பெயர், தலைப்பெழுத்து, பிறந்த தேதி, தொழிற்பிரிவு நான்கையும் ஆதாரோடும் ஐ.டி.ஐ. சான்றிதழோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். பிழை இருந்தால் தேர்வுக்கு முன்பே நிறுவனத்தின் மூலம் எழுதிக் கொடுத்துத் திருத்திவிடுங்கள்.